பட்டியலில் ஏறிய குழி

‘நிலை’ என்று ஒரு கட்டம், ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். இந்த இரண்டும் இல்லாத பட்டியல் ஒரு பட்டியலே அல்ல என்று எனக்குப் பளிச்சென்று தோன்றியபோது, அப்பா எங்கள் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் ‘அண்டா ஒன்று’ என்று எழுதிக்கொண்டிருந்தார். அண்டா ஓட்டையா, நல்லதா? யார் வாங்கினது? ஒரு விவரமும் இல்லை. பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. முந்தின வாரம்தான் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்துபோயிருந்தார். அவருக்குக் காட்டுவதற்காக வாத்தியார் பள்ளிக்கூடத்துச் சாமான்களையெல்லாம் ஒரு நீள நோட்டில் ஏற்றினார். எண்ணிச் சொன்னவள் நான். பெஞ்சு நான்கு, நிலை: ஒன்று ஆடும். பூமி உருண்டை ஒன்று; நிலை: நசுங்கல்; குறிப்பு: ஆப்பிரிக்காவின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் கடைசிக் குறிப்பை வாத்தியார் அடித்துவிட்டார். எனக்கு அது தீராத மனத்தாங்கல்.

ஆகவே, எங்கள் வெண்ணந்தூரிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்த அத்தையும் மாமாவும் கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்ளப் போகிறார்கள், அதற்கு முன்னால் இருக்கிற சாமானையும் கடனையும் பட்டி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று பெரியதனக்காரர் சொல்லியனுப்பியபோது, வீட்டில் மற்றவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் பென்சிலைச் சீவினேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா என் அம்மாவின் தம்பி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம், ஒரே பந்தலில் இரண்டு தாலி. ஒரு முடிச்சு அவிழப்போகிறது என்றதும் மறுமுடிச்சும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. அம்மா தம்பி பக்கம், அப்பா தங்கை பக்கம். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். “உங்கப்பனைச் சோறுண்ண வரச்சொல்லு” என்று மூன்றடி தூரத்தில் இருக்கிற அப்பாவுக்கு என் வழியாகத் தகவல் போகும். “பசியில்லைன்னு சொல்லு” என்று என் வழியாகவே திரும்பும்.

இந்த நிலையில் பட்டியை யார் எழுதுவது? அப்பா எழுதினால் அம்மா பக்கத்தார் ஒப்பவில்லை. கணக்குப்பிள்ளை இரண்டு ரூபாய் கேட்டார். கடைசியில் அம்மாவின் அண்ணன், அதாவது பெரிய மாமாதான் தீர்ப்புச் சொன்னார்.

“அந்தப் புள்ளயே எழுதட்டும். ரெண்டு ஊட்டு ரத்தமும் அவ ஒடம்புல ஓடுது. எந்தப் பக்கம் சாஞ்சாலும் பாதி நட்டம் அவளுக்குத்தான்.”

தீர்த்துக்கொள்கிற அளவுக்கு என்ன சண்டை என்று கேட்டால், சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாமா கூத்தாடுகிறவர். நெடுநெடுவென்ற ஆள். எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் உள்ளே வந்த நாள் கிடையாது. தலையில் கிரீடத்தை வைத்துவிட்டால் இன்னும் ஒரு முழம் கூடிவிடும், ராஜா வேஷத்துக்கென்றே பிறந்தவர். மாசி பிறந்தால் ஊர் ஊராகக் கூத்து. இரவெல்லாம் ஆடிவிட்டு விடியற்காலம் வீடு வந்து சேருவார். வந்த கொஞ்ச நேரத்தில், பாவு நூலில் தூசி விழக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். சாயங்காலம் வரைக்கும் ஓயாது. ராத்திரியில் ராஜா, பகலில் நெசவாளி, இந்த மனுஷன் எப்போதுதான் கண்ணை மூடுகிறான் என்று தெருவே வியக்கும். அதிலும் அவர் தறியிலிருந்து இறங்குகிற சேலையின் கரை கோடு கிழித்த மாதிரி இருக்கும். கூலிக்கு நெய்யக் கொடுக்கிற நூல்காரர் மற்றவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் நூல் கொடுப்பார். மாமாவின் பெயரைச் சொன்னால் கேள்வி கிடையாது.

அந்த வருஷம் சேலத்தில் ஒரு நாடகக் கம்பெனிக்காரர் மாமாவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே வந்துவிடச் சொன்னார். ஊர் திரும்புவது வருஷத்துக்கு ஒரு தரமோ என்னவோ. மாமா நாலு நாள் எச்சில் விழுங்கிவிட்டு அத்தையிடம் சொன்னார்.

“போறதுன்னா போங்க. தடுக்கலைங்க. ஆனா துரும்பைக் கிள்ளிப் போட்டுட்டுப் போங்க. இன்னைக்கு வருவாரா நாளைக்கு வருவாரான்னு வாசலைப் பாத்துக்கிட்டு ஒக்கார என்னால ஆகாது” என்றாள் அத்தை.

பெரியவர்கள் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் கல்யாணம் தீர்ந்தது. அப்புறம் அவரவர் வழி. எங்கள் பக்கத்தில் இதற்குக் கோர்ட்டு, வக்கீல் ஒன்றும் வேண்டாம். ஆனால் பங்கு பிரிக்காமல் துரும்பு கிள்ள விடமாட்டார்கள். பங்குக்கு முறை உண்டு. பிறந்த வீட்டிலிருந்து வந்தது அவளுக்கு, அவன் வாங்கினது அவனுக்கு. தறி மட்டும் வாங்கினவருக்கு அல்ல, தறிக்குழியில் இறங்கி நெய்கிறவருக்கு. அதன் மேலிருக்கிற நூல்கடனும் அவர் தலையிலேயே.

அத்தைக்கு வேண்டியது அந்தத் தறி ஒன்றுதான். ஆனால் எங்கள் தெருவில் குழியில் இறங்குகிறவர்கள் ஆண்கள். பெண்கள் நெய்கிற நூலைத் தாராகச் சுற்றுவார்கள், பாவுக்குக் கஞ்சி போடுவார்கள், இழை அறுந்தால் பிணைப்பார்கள். ஆகவே தறி மாமாவுக்கு. கம்பெனிக்குப் போகிற மாமாவுக்குத் தறி எதற்கு? அது பெரிய மாமாவின் மகனுக்கு. அதை எந்த மூலையில் நிறுத்துவது என்று பெரிய மாமா சுவரில் சுண்ணாம்புக் கோடே போட்டுவிட்டார். தறியில்லாமல் வந்தால் அத்தை எங்கள் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து காலம் பூராவும் அடுத்தவர்களுக்குத் தார் சுற்ற வேண்டியதுதான்.

“ஏனுங்க மாமா, தறிய எனக்கு உட்டுக் குடுத்துருங்களேன். கடனையும் நானே ஏத்துக்கிறேன்” என்று அத்தை பெரிய மாமாவிடம் ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள்.

“தறிய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே? துணி காயப்போடுவியா?” என்றார் பெரிய மாமா.

அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டாள். மாமா கிரீடத்திலிருந்து உதிர்ந்த கண்ணாடிச் சில்லைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் என்ன செய்வது, பட்டியலில் பாவத்துக்குக் கட்டம் இல்லை.

இரண்டு நாள் எழுதினேன். ஐந்து கட்டம் கோடு போட்டு, ஸ்கேலுக்குப் பதில் தறிக்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, அத்தை வீட்டை உலுக்கி எடுத்துவிட்டேன். களித்துடுப்பு ஒன்று, நிலை: நுனி கருகல். கட்டில் ஒன்று, நிலை: மூன்று கால், ஒரு செங்கல். செவலைக்கோழி ஒன்று, நிலை: பிடிபடவில்லை. எதைத் தொட்டாலும் ‘இது எப்படி வந்தது’ என்று கேட்பேன். அத்தை ஒரு கதை சொல்வாள். மாமா உள்ளேயிருந்து, “அப்படியில்லே சாமி, நான் சொல்றேன் கேளு” என்று இன்னொரு கதையோடு வருவார். இரண்டு கதையையும் குறிப்பில் எழுதுவேன். சில இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். தீர்த்துக்கொள்கிறவர்கள் சிரிக்கலாமா என்று எனக்குக் கோபமாக வரும். வேலை கெடுகிறதே.

இரண்டாம் நாள் சாயங்காலம் தறிக்கு வந்தேன். அத்தை தண்ணீருக்குப் போயிருந்தாள். நெய்த துணியைச் சுருட்டுகிற படைமரம் ஒன்று, அச்சு ஒன்று, குறுக்கே நூல் ஓட்டுகிற நாடா இரண்டு, மிதி இரண்டு. எல்லாம் ஏற்றினேன். மிச்சம் இருந்தது குழி. நெசவாளி தரையில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிற குழி.

“குழியை எழுதறதுங்களா வேண்டாமா மாமா? தூக்கிட்டுப் போக முடியாதே?” என்று கேட்டேன்.

மாமா குழியை எட்டிப் பார்த்தார். கூத்தில் ராஜா மந்திரியிடம் யோசனை கேட்கும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாரே, அப்படி நின்றார். பிறகு பாவு கட்டுகிற கயிற்றில் ஒன்றை எடுத்து, அதன் நுனியைக் குழியின் விளிம்பில் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுமுனையை உள்ளே விட்டார். அடியில் கயிறு தொட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார்.

“எழுதிக்க. ஆழம், கயித்துல முடிச்சு வரைக்கும்.”

“நிலை?”

“அதை நீயே எறங்கிப் பாத்து எழுது.”

இறங்கிப் பார்த்தேன். அடியில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, சாணம் போட்டு மெழுகியிருந்தது. அப்படியே எழுதினேன்.

“கயித்தை நோட்டோடவே வெச்சுக்க சாமி. பஞ்சாயத்துல எழுதினதை ஒண்ணு உடாமப் படிக்கோணும். தெரியுதா?” என்றார் மாமா. எனக்கு உள்ளம் குளிர்ந்தது. என் வாத்தியாருக்குக்கூடக் குறிப்பின் அருமை தெரியவில்லை, கூத்தாடுகிற மாமாவுக்குத் தெரிந்திருக்கிறதே!

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். பெரியதனக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரும் நெசவாளிதான், விரலில் காய்ப்பு. கடன்காரர் இல்லாமல் கடன் பட்டி படிக்கக்கூடாது என்பதால் நூல்காரரும் வந்திருந்தார். அம்மாவும் அப்பாவும் எதிரெதிர்த் தூணில் சாய்ந்துகொண்டார்கள். நான் நடுவில் நின்று, இன்ஸ்பெக்டருக்குப் படிக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

“பித்தளைச் சொம்பு ஒன்று. நிலை: ஒரு நசுங்கல். குறிப்பு: மாமாவின் தலையில் பட்டது. தலையின் நிலை: நன்று.”

மண்டபம் சிரித்தது. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. பெரியதனக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு, “மேலே படி அம்மிணி” என்றார்.

சொம்பு அத்தைக்கு, கட்டில் மாமாவுக்கு, செங்கல் பொது என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தறிக்கு வந்ததும் பெரிய மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஒன்று விடாமல் படித்தேன்.

“தறிக்குழி ஒன்று. தூக்கிப் போக முடியாது. ஆழம்: கயிற்றில் முடிச்சு வரை. நிலை: நன்று. அடியில் மண் கொட்டி மேடாக்கி மெழுகியிருக்கிறது.”

யாரும் சிரிக்கவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேரும் குழியில் இறங்குகிறவர்கள். பெரியதனக்காரர் கையை நீட்டினார். கயிற்றைக் கொடுத்தேன். நுனிக்கும் முடிச்சுக்கும் நடுவில் இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் எந்திரிச்சு நில்லு.”

மாமா எழுந்தார். பெரியதனக்காரர் கயிற்றின் நுனியை மாமாவின் முழங்காலுக்குப் பின்னால் வைத்துத் தொங்கவிட்டார். முடிச்சு கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

“இந்தக் குழியில இந்தக் காலைத் தொங்கப்போட்டா பாதம் முதல்லயே அடி மண்ணுல இடிக்கும். மிதிய எங்க வெக்கிறது? முழங்காலு மோவாய்க்கு வருமப்பா. இவன் இதுல ஒக்காந்து ஒரு முழம் நெய்ய முடியுமா?”

“மழையில மண்ணு சரிஞ்சிருக்குமுங்க” என்றார் பெரிய மாமா.

“சரி, மண்ணு சரிஞ்சுது. சாணி? அதையும் மழையே கரைச்சு ஊத்தி மெழுகிட்டுப் போச்சா?”

பிறகு அவர் கயிற்றை என் அம்மாவிடம் நீட்டினார். “போ தாயி. உன் நாத்தனாளுக்கு வெச்சுப் பாரு.” அம்மா தயங்கித் தயங்கிப் போனாள். சேலைக்கு மேலேயே கயிற்றை அத்தையின் முழங்காலுக்குப் பின்னால் பிடித்தாள். கயிறு தரையைத் தொட்டு, முடிச்சு வரைக்கும் இன்னும் நாலு விரல் தரையிலேயே படுத்துக்கொண்டது. மிதிக்கு வேண்டிய இடம் அந்த நாலு விரல். அம்மா குனிந்தபடியே அத்தையின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலுக்குக் கீழே காய்த்துத் தடித்திருந்தது. தம்பி பக்கத்து ஆளாக வந்த அம்மா, “ஆமாங்க, இவளுக்குத்தான் எடுத்த குழி” என்று மண்டபம் கேட்கச் சொன்னாள்.

“ஏழு வருசமா கரை நேரா வந்தது உன் காலுலயாம்மா?” என்று பெரியதனக்காரர் கேட்டார். அத்தை முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு வந்த ராஜா எப்போது தூங்கினார் என்ற கேள்விக்கு ஊருக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது. பின்வரிசையில் ஒருத்தர் ஆரம்பித்த சிரிப்பு தூணுக்குத் தூண் தாவியது. மாமாவும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

தறி அத்தைக்கு, நூல்கடனும் அத்தைக்கு என்று ஆனது. பெரிய மாமா போட்ட சுண்ணாம்புக் கோடு வீணாயிற்று. நூல்காரர்தான் மோவாயைச் சொறிந்துகொண்டு, “எனக்கு ஆரு நெய்தாலும் ஒண்ணுதானுங்க. பொம்பளையாளுன்னா கூலி மட்டும் கொஞ்சம் கொறைச்சு…” என்று இழுத்தார்.

அத்தை அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “போன மாசம் வரைக்கும் அதே காலுதானுங்க மிதிச்சுது. அப்ப முழுக்கூலி குடுத்தீங்க. கொறைக்கறதுன்னா நூலை எடுத்துக்கிட்டுப் போங்க. எடப்பாடியிலயும் நூல்காரங்க இருக்கறாங்க.”

நூல்காரர் கூலியைக் குறைக்கவில்லை.

கடன் பட்டியில் கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. அதையும் விடவில்லை நான். “மாமா அத்தைக்குத் தர வேண்டியது: சேலத்தில் பேசும் படம் ஒன்று. குறிப்பு: மூன்று வருஷமாகக் காட்டவில்லை.”

“அதுவும் கடன்தானுங்களே” என்றார் மாமா, கையைக் கட்டிக்கொண்டு.

“கடன் தீராம துரும்பு கிள்ளக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க” என்று பெரியதனக்காரர் எழுந்துவிட்டார்.

ஆகவே, தீர்த்துக்கொள்வதற்கு முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் சினிமா பார்த்தார்கள். கடன் தீர்ந்ததா என்று பார்க்க நானும் போனேன். ராஜா வேஷம் போட்டவன் சரியாக நடக்கவில்லை என்று மாமா படம் முழுக்கக் குறை சொன்னார். அத்தை முறுக்குத் தின்றுகொண்டே தலையாட்டினாள். மறுநாள் துரும்பு கிள்ளினார்கள். ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை அவளும் பிடித்திருந்தார்கள். சத்தமே இல்லாமல் அறுந்தது.

அன்றைக்கே மாமா படைமரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நிலையில் தலை இடித்துக்கொண்டார். கூடத்தில் அவரே குழி எடுத்து, அந்த முடிச்சு வரைக்கும் அளந்து, தறியை நிறுத்திக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போனார். அப்பா, “மச்சானுக்கு மோர் குடு” என்று அம்மாவிடம் நேராகவே சொன்னார்.

இதில் நான் செய்த ஒரு காரியத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தறி அத்தைக்கு என்று தீர்ந்ததும் பெரியதனக்காரர் என்னைக் கூப்பிட்டு, “எத்தனையோ பட்டி பாத்துட்டேன். ஒருத்தரும் குழியை அளந்து எழுதினதில்லை. அளக்கோணும்னு உனக்கு ஆரு சொன்னாங்க அம்மிணி?” என்று கேட்டார்.

“நானேதானுங்க யோசிச்சேன்” என்றேன்.

பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. பட்டியல் என்னுடையது, கட்டம் என்னுடையது, அதிலிருக்கிற புத்தியும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நம்பினேன். மாமா மறுக்கவில்லை. மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வருஷக்கணக்காக இந்தப் பெருமையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பெண்டாட்டி காலில் சாப்பிட்டவன் என்று நாலு பேர் நடுவில் தன் வாயால் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு மனுஷன், அதை ஒரு கயிற்றில் முடிந்து பத்து வயசுப் பெண்ணின் கையில் கொடுத்தார் என்பது அந்தப் பத்து வயசுக்கு எட்டவில்லை. தறியில் உட்காருவது நான் என்று வெளியில் சொல்ல மாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வார்த்தையை நீ காப்பாற்று, நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் அத்தைக்குச் செய்த பதில் அது என்பதும் எட்டவில்லை.

இப்போது சேலத்தில் வாத்தியார் பயிற்சிக்குப் படிக்கிறேன். லீவில் ஊருக்குப் போனால் அத்தையின் தறியில் உட்கார்ந்து பார்ப்பேன். முழங்கால் மோவாயில் வந்து இடிக்கும். எனக்கு வாய்த்திருப்பது மாமாவின் கால். இந்தக் கோடைக்கு அதே கூடத்தில் எனக்கென்று இரண்டாவது குழி எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். அத்தை, “முதல்ல ஒரு நாடாவை நேரா எறிஞ்சு காட்டு, அப்புறம் குழி எடுக்கலாம்” என்கிறாள். எறிந்து காட்டத்தான் போகிறேன். கம்பெனி இப்போது முகாம் போட்டிருக்கிற ஊருக்கு மாமா பேருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாயிற்று. அவர் வந்துதான் என் காலுக்கு அளந்து கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும். கடப்பாரையும் சொல்லி வைத்துவிட்டேன். நோட்டிலும் ஏற்றியாயிற்று. கடப்பாரை ஒன்று, நிலை: முனை மழுங்கல், குறிப்பு: எதிர்வீட்டில் இரவல்.